பை சார்ட்டில் வராத பதினைந்து சதவீதம்

ரொம்ப நாளாக எழுத நினைத்து, ஆபீஸில் ஆணி அதிகம் என்ற சாக்கில் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த பதிவு. போன சனிக்கிழமை ஒரு நண்பர் வீட்டில் நடந்த கூத்துக்கு அப்புறம் இனிமேலும் தள்ள முடியாது என்று உட்கார்ந்துவிட்டேன்.

இட்லி, சாம்பார் எல்லாம் முடிந்து காபி வந்த நேரம். நண்பர் போனை நீட்டினார். "பாருங்க சார், மொத்த சொத்தும் ஒரே ஸ்கிரீன்ல!" கலர் கலராக ஒரு வட்டம். நீலத்தில் 401கே, பச்சையில் வீடு, மஞ்சளில் இந்தியாவில் இருக்கிற எஃப்டி. ஓரத்தில் சாம்பல் நிறத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு துண்டு. 'இதர சொத்து' என்று போட்டிருந்தது.

"இது என்னங்க?"

"அதுவா... கோயம்புத்தூர்ல மச்சான் கம்பெனில கொஞ்சம் போட்டிருக்கேன்."

"எத்தனை பர்சென்ட்?"

மனுஷன் முழித்த முழி இருக்கே! நான் சிரிக்கவில்லை. ரெண்டு மூணு வருஷம் முன்னாடி வரைக்கும் நானும் அதே முழிதான் முழித்துக்கொண்டிருந்தேன். அதனால் முதலில் என் கொசுவத்தியைச் சுத்திவிடுகிறேன், சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம்.

எங்களுக்குச் சொந்த ஊர் சத்தியவேடு பக்கம். ஊத்துக்கோட்டையைத் தாண்டி, சுருட்டப்பள்ளி பள்ளிகொண்டீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு மேலே போனால் வரும். மாநிலம் ஆந்திரா, வீட்டில் பேச்சு தமிழ். அப்பா காலமெல்லாம் சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரலில் பிரித்ததற்கு அப்புறம் திருப்பதி மாவட்டம். நான் சின்னப் பையனாக இருந்தபோது அங்கே மாந்தோப்பும் பொட்டல் காடும்தான். 2008க்கு அப்புறம்தான் ஸ்ரீ சிட்டி வந்தது. சென்னையிலிருந்து ஒரு அறுபது கிலோமீட்டருக்குள், தடா பக்கத்தில், உலகத்தில் இருக்கிற கம்பெனி போர்டெல்லாம் வரிசையாக முளைத்தது.

பெரியப்பா பையன் உள்ளூரிலேயே தங்கிவிட்டவர். 2011ல் போன் பண்ணினார். "தம்பி, இங்க வர்ற ஃபேக்டரிக்கெல்லாம் அட்டைப்பெட்டி வேணும்டா. சின்னதா ஒரு பிரைவேட் லிமிடெட் போடலாம்னு இருக்கேன். நீயும் சித்தப்பாவும் சேர்ந்துக்கோங்க." சேர்ந்தோம். பத்து ரூபாய் முகமதிப்பில் ஒரு லட்சம் ஷேர். அண்ணனுக்கு 70,000, அப்பாவுக்கு 15,000, எனக்கு 15,000. அதாவது ஆளுக்கு ஒன்றரை லட்ச ரூபாய், 15 சதவீதம்.

இங்கே நான் என்ன செய்தேன்? பொட்டி தட்டுகிறவன் இல்லையா, சும்மா இருப்பேனா? பேர் சொல்ல விரும்பாத ஒரு வெல்த் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேரில் 'இதர சொத்து: ரூ. 1,50,000' என்று அடித்து வைத்தேன். அதுவே டாலராக மாற்றிக்கொண்டது. அத்தோடு மறந்தே போனேன்.

2017ல் அண்ணனுக்குப் புது மெஷின் வாங்கப் பணம் தேவை. மூலதனத்தைக் கூட்டினால்தான் கடன் என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள். இன்னும் ஒரு லட்சம் ஷேர், அதே பத்து ரூபாய் விலைக்கு. சட்டப்படி இருக்கிற பங்குதாரர்கள் எல்லாருக்கும் அவரவர் பங்குக்குத் தகுந்த மாதிரி முதலில் கேட்க வேண்டும். கேட்டார். எனக்கு வந்த மெயில் நான் திறந்தே பார்க்காத ஒரு பழைய ஐடிக்கு. ரிஜிஸ்டர் தபால் சத்தியவேடு வீட்டுக்கு. அம்மா அதை வாங்கி, "ஏதோ கவர்மென்ட் காயிதம்" என்று சாமி அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டார். அப்பாவுக்கு அப்போதே உடம்பு சரியில்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். 2013ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தில் 62ஆவது பிரிவு இருக்கிறது. அப்படி வருகிற கடிதத்துக்குக் கெடு அதிகபட்சம் 30 நாள். அதற்குள் பதில் சொல்லவில்லை என்றால், வேண்டாம் என்று சொன்னதாகவே அர்த்தம். நம்ம பேச்சு மௌனம் சம்மதம் என்கிறது. இந்தச் சட்டத்தில் மௌனம் மறுப்பு!

ஒரு லட்சம் ஷேரையும் அண்ணனே வாங்கிக்கொண்டார். மொத்தம் இரண்டு லட்சம். என்னுடையது அதே 15,000. இப்போது ஏழரை சதவீதம். (ஏழரை என்று சும்மாவா சொன்னார்கள்!)

கணக்கு போட்டுக் காட்டுகிறேன். அப்போது கம்பெனியின் நிகர மதிப்பு சுமார் ஒரு கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 சதவீதம் என்றால் 15 லட்சம். புதுப் பணம் 10 லட்சம் உள்ளே வந்ததும் ஒரு கோடியே 10 லட்சம். அதில் ஏழரை சதவீதம் 8 லட்சத்து 25 ஆயிரம். ஆறே முக்கால் லட்சம் கைமாறிவிட்டது. யாரும் திருடவில்லை, எல்லாமே சட்டப்படிதான். நம்ம சாஃப்ட்வேர் ஸ்கிரீனில் அன்றைக்கு என்ன காட்டியது? முதல் நாள் காட்டிய அதே ஒன்றரை லட்சம்தான்.

2021ல் அப்பா தவறிப்போனார். "எனக்கு எதுக்குடா அதெல்லாம், நீயே வச்சுக்கோ" என்று அம்மா எழுதிக் கொடுத்தார். அடுத்த வருஷம் அப்பாவின் 15,000 ஷேர் என் பேருக்கு மாறியது. மொத்தம் 30,000. மறுபடியும் 15 சதவீதம். ஸ்கிரீனில் அப்போதும் சாம்பல் துண்டு அதே நகக்கண் சைஸில்.

இதெல்லாம் எப்போது தெரிந்தது? வரி பைல் பண்ணும் நேரத்தில் புதிதாகப் பிடித்த ஆடிட்டர் அம்மா ஒருவர், "வெளிநாட்டுக் கம்பெனி எதிலாவது பத்து சதவீதம் இருக்கா?" என்று கேட்டபோது. "அதெல்லாம் சின்னத் தொகைங்க" என்றேன். "தொகை கேக்கலை சார், சதவீதம் கேட்டேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கே அவருக்கு ஃபீஸ் கொடுக்கலாம்.

அமெரிக்காவில் இருக்கிறவர்கள் பலருக்கும் எஃப்பார் தெரியும். வெளிநாட்டுக் கணக்குகளில் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினால் சொல்ல வேண்டும். ஃபார்ம் 8938ம் தெரிந்திருக்கும். இரண்டுமே மதிப்பைக் கேட்கிற சமாச்சாரங்கள். ஃபார்ம் 5471 அப்படி இல்லை, அது பங்கைக் கேட்கிறது. ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் 10 சதவீதம் என்ற கோட்டைத் தொடுகிற அளவுக்குப் பங்கு வாங்குகிற வருஷம், ஏற்கெனவே அவ்வளவு பங்கோடு இருந்து அமெரிக்க வரிக் கணக்குக்குள் வருகிற வருஷம், விற்று அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்குகிற வருஷம் என்று கோட்டைத் தாண்டுகிற நிகழ்ச்சிகளை அது கவனிக்கிறது. கம்பெனி சத்தியவேடு ரோட்டில் இருக்கிற அட்டைப்பெட்டிக் கொட்டகையாக இருந்தாலும் சரி. விட்டுவிட்டால் ஒரு ஃபார்முக்கு, ஒரு வருஷத்துக்கு 10,000 டாலர் அபராதம் என்பது சட்டத்தில் இருக்கிற தொகை.

நான் 2011லும் கோட்டைத் தொட்டேன், அப்பா பங்கு வந்தபோதும் தொட்டேன். இரண்டு தடவையும் தெரியாது. காரணம் எல்லாம் எழுதி, தாமதமாகப் பைல் பண்ணி, அந்த ஆடிட்டர் புண்ணியத்தில் தப்பித்தேன். ஆனால் அந்த ஃபார்ம்களுக்கு ஆன செலவு, அப்பா அந்தக் கம்பெனியில் போட்ட மொத்த முதலை விட அதிகம்.

சரி, இப்போ சண்டைக்கு வருவோம்.

இந்த சாஃப்ட்வேர் விற்கிறவர்களிடமும், அதை வைத்துக்கொண்டு நம்மிடம் ஆலோசனைக் கட்டணம் வாங்குகிறவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். "லிஸ்ட் ஆகாத கம்பெனிக்கு மார்க்கெட் விலை இல்லை சார், டேட்டா ஃபீட் வராது, அதனால மேனுவலா ஒரு தொகை போட்டுக்கோங்க" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உல்ட்டாவாக யோசித்துப் பாருங்கள். விலை தினமும் வெளியே கிடைக்கிற ஷேருக்கு நம்ம சாஃப்ட்வேர் இல்லாவிட்டாலும் குடி முழுகாது. விலையே இல்லாத ஷேருக்குத்தான் நம்ம கையில் ஒரு பதிவு வேண்டும். எது அவசியமோ அதைத்தான் 'இதர' என்று ஓரத்தில் தள்ளியிருக்கிறார்கள்.

என் பேச்சு வேண்டாம். ஸ்ரீ சிட்டிக்குள்ளேயே ஒரு ரவுண்டு போய்வரலாம், வாங்க. மூன்று கேட் முன்னால் மட்டும் நிற்போம்.

முதல் கேட், கோல்கேட். அமெரிக்கத் தாய்க் கம்பெனிக்கு 51 சதவீதம், மீதி நம்ம ஊர் பங்குச் சந்தையில். யாரிடம் எவ்வளவு என்று காலாண்டுக்கு ஒருமுறை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடுவார்கள். இதற்கு நீங்கள் மெனக்கெடவே வேண்டாம்.

இரண்டாவது கேட், மாண்டலீஸ். நம்ம கேட்பரிதான். 2016ல் இங்கே ஃபேக்டரி திறந்தார்கள். கேட்பரி இந்தியாவும் ஒரு காலத்தில் லிஸ்ட் ஆன கம்பெனிதான். 2002ல் தாய்க் கம்பெனி ஷேருக்கு 500 ரூபாய் தருகிறோம் என்று வாங்க ஆரம்பித்து, 2003ல் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். கொடுக்க மாட்டேன் என்று ஒரு சின்னக் கூட்டம் பிடிவாதமாக வைத்துக்கொண்டது. அன்றிலிருந்து அவர்கள் ஷேருக்குத் தினசரி விலை கிடையாது, எந்த ஃபீடும் கிடையாது. 2009ல் 1,340 ரூபாய் கொடுத்து அவர்களையும் கணக்கு முடித்து அனுப்பப் பார்த்தார்கள். கேஸ் நடந்தது. கடைசியில் 2014ல் பம்பாய் ஹைகோர்ட் ஒத்துக்கொண்ட விலை 2,014 ரூபாய் 50 காசு. அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அவர்களுக்குத் துணையாக இருந்தது ஸ்கிரீன் இல்லை. 'என்னிடம் இத்தனை ஷேர் இருக்கிறது, இந்தக் கம்பெனியில் நானும் ஒரு சொந்தக்காரன்' என்ற பதிவுதான். அன்றைக்கு நம்ம சாஃப்ட்வேர் இருந்திருந்தால், 500 ரூபாயில் போட்ட எண்ணை 2014 வரை அப்படியே காட்டிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது கேட், ஊரில் எல்லாரும் ஃபாக்ஸ்கான் என்று சொல்வது. 2015ல் ஷாவ்மி போன் பண்ண ஆரம்பித்த இடம். கம்பெனி பேர் அப்போது ரைசிங் ஸ்டார்ஸ் மொபைல், 2021ல் பாரத் எஃப்ஐஹெச். அதைக் கையில் வைத்திருப்பது ஒரு சிங்கப்பூர் கம்பெனி. அதற்கு மேலே ஹாங்காங் சந்தையில் இருக்கிற எஃப்ஐஹெச் மொபைல். அதற்கும் மேலே தைவானில் ஹான் ஹாய். ஒரே கேட், நாலு மாடி. கேட்டில் மாட்டியிருக்கிற போர்டைப் பார்த்துச் சொந்தக்காரர் யார் என்று சொல்லிவிட முடியுமா?

"இதெல்லாம் பெரிய கம்பெனி விவகாரம், நமக்கென்ன?" என்கிறீர்களா? நம்ம குடும்பங்களிலும் மாடி இருக்கிறது. அப்பா பேரில் கம்பெனி, அந்தக் கம்பெனி பேரில் இன்னொரு கம்பெனியில் பங்கு. உதாரணத்துக்கு, ஒரு கம்பெனியில் உங்களுக்கு 60 சதவீதம், அந்தக் கம்பெனிக்கு இன்னொன்றில் 12 சதவீதம். சாஃப்ட்வேர் புத்திசாலியாக இருந்தால் இரண்டையும் பெருக்கி 7.2 என்று காட்டும், பத்துக்குக் கீழே என்று நாமும் நிம்மதியாகத் தூங்குவோம். ஆனால் இந்தியக் கம்பெனிச் சட்டத்தின் 90ஆவது பிரிவும், 2018ல் வந்து 2019ல் திருத்திய விதிகளும் இதைப் பெருக்குவதில்லை. நடுவில் இருக்கிற கம்பெனியில் உங்களுக்குப் பெரும்பான்மை இருந்தால், அது வைத்திருக்கிற 12 சதவீதமும் உங்களுடையதாகவே எண்ணப்படும். பத்தைத் தாண்டியாயிற்று, உண்மையான உரிமையாளர் நான்தான் என்று நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். பெருக்கி வந்த விடையை மட்டும் வைத்திருக்கிற சாஃப்ட்வேருக்கு இது தெரியவே தெரியாது. யார் வழியாக யாருக்கு என்ற பாதையை வைத்திருந்தால்தான் தெரியும்.

தொழில்நுட்பம் இல்லையா? இருக்கிறது. கம்பெனிகள் தங்கள் பங்குதாரர் பட்டியலைப் பார்த்துக்கொள்ள 2012லேயே இஷேர்ஸ் என்று ஒன்று ஆரம்பித்தார்கள், இப்போது கார்ட்டா என்று பேர். பெரும் பணக்காரக் குடும்பங்களுக்கு ஃபேமிலி ஆபீஸ் சாஃப்ட்வேர் இருக்கிறது, மரம் மாதிரி கிளை போட்டு யாருக்கு எத்தனை என்று காட்டும். நம்மை மாதிரி மாசச் சம்பளக்காரனுக்கு மட்டும் கலர் வட்டம். டேட்டாபேஸ் வேலையில் தலை நரைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது ஒன்றும் ராக்கெட் இல்லை. யார் பேரில், எந்தக் கம்பெனி, எந்த வகை ஷேர், என் எண்ணிக்கை, மொத்த எண்ணிக்கை, எந்தத் தேதி நிலவரம், எந்தக் காகிதத்தைப் பார்த்து எழுதியது. ஏழே ஏழு கட்டம். புதுசு வந்தால் பழசை அழிக்காமல் கீழே அடுத்த வரி எழுத வேண்டும். நம்ம ஊர் மளிகைக் கடைப் பேரேடு அப்படித்தான் இருக்கும். அதைக்கூடச் செய்யாத ஒன்றுக்கு 'வெல்த் மேனேஜ்மென்ட்' என்று பேர் வைத்தால் எப்படி? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இதில் ஏட்டில் சுரைக்காயே சரியாக எழுதவில்லை!

ஃபீட் வராது என்ற சாக்கும் பாதிதான் உண்மை. சிறு கம்பெனி வரையறைக்குள் வராத பிரைவேட் கம்பெனிகள் தங்கள் ஷேரை டீமேட் ஆக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் விதி வந்தது, கெடு 2025 ஜூன் 30 வரை நீண்டது. டீமேட் ஆகாத சின்னக் கம்பெனியும் வருஷா வருஷம் அரசாங்கத்திடம் கணக்குக் கொடுக்கிறது. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் நூறு ரூபாய் கட்டினால் ஒரு கம்பெனி தாக்கல் செய்த பொது ஆவணங்களைப் பார்க்கலாம். 2017ல் புது ஷேர் ஒதுக்கிய படிவத்தை நான் அங்கேதான் பார்த்தேன். ஆறு வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறது. பாவம், யாருமே பார்க்கவில்லை.

இதுவரை அடுத்தவனைத் திட்டியாயிற்று. இனி நம்மை நாமே.

நாம் ஏன் சதவீதம் கேட்பதில்லை? கூச்சம். "அண்ணன்கிட்ட போய் பர்சென்ட் கேட்டா என்ன நினைப்பார்?" தங்கமணி ஒரு நாள் கேட்டார், "உங்க ஆபீஸ்ல ஸ்டாக் ஆப்ஷன் கொடுத்தப்ப நாலு நாள் எக்ஸெல் போட்டீங்களே, அப்ப மேனேஜர் என்ன நினைப்பார்னு யோசிச்சீங்களா?" பதில் இல்லை என்னிடம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சொல்லிவைத்தவர்கள் பாசம் இல்லாதவர்களா என்ன?

கடைசியில் அண்ணனிடமே கேட்டேன். நான் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. "மெயில் போட்டேனேடா! நீ பதிலே போடலை. அங்க பெரிய வேலைல இருக்கான், இதெல்லாம் அவனுக்குத் தூசுன்னு நெனச்சுட்டேன்" என்றார். அவர் குரலில்தான் வருத்தம் இருந்தது. ஆறு வருஷமாக மெஷினோடும் பேங்கோடும் தனியாக மல்லுக்கட்டியது அவர். தம்பி கைவிட்டுவிட்டான் என்று அவரும், அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று நானும். நடுவில் ஒரு எண் எழுதப்படாமல் கிடந்தது. போன ஏழரை சதவீதத்தை நான் திருப்பிக் கேட்கவில்லை. அது உழைத்தவருக்குச் சேர்ந்தது என்றே வைத்துக்கொண்டேன். ஆனால் தெரிந்து விட்டுக்கொடுப்பது வேறு, தெரியாமல் தொலைப்பது வேறு இல்லையா?

அதனால் மக்களே, இந்த வார இறுதியில் படம் பார்ப்பதை ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டுவிட்டு இதைச் செய்யுங்கள்.

1. ஊரில் உங்கள் பேரிலோ, துணையின் பேரிலோ, அப்பா அம்மா பேரிலோ பங்கு இருக்கிற கம்பெனிகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். தொகை வேண்டாம். உங்கள் ஷேர் எத்தனை, மொத்தம் எத்தனை, எந்தத் தேதியில். அவ்வளவுதான்.

2. மொத்த எண்ணிக்கை தெரியாவிட்டால் கேளுங்கள். பங்குதாரர் பதிவேட்டைப் பணம் கட்டாமல் பார்க்கிற உரிமை ஒவ்வொரு பங்குதாரருக்கும் 94ஆவது பிரிவில் இருக்கிறது. அண்ணனிடம் சட்டம் பேச வேண்டாம், அன்பாகக் கேட்டாலே கொடுப்பார்.

3. கம்பெனியில் இருக்கிற உங்கள் மெயில் ஐடியையும் விலாசத்தையும் மாற்றுங்கள். சாமி அலமாரியில் என்ன கவர் இருக்கிறது என்று அம்மாவிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

4. அந்த சாஃப்ட்வேருக்குக் காசு கட்டுகிறவர் என்றால், 'சதவீதம் போடக் கட்டம் எங்கே?' என்று எழுதிக் கேளுங்கள். நூறு பேர் கேட்டால் வரும். யாருமே கேட்காததால்தான் வரவில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம்ம பாட்டிகள் சொன்னது. நாம் போட்டோம், அளக்கத்தான் மறந்துவிட்டோம். நண்பர் மச்சானுக்குப் போன் பண்ணிக் கேட்டுவிட்டாராம். நாலு வருஷம் முன்னாடியே கணக்கில் ஏதோ மாறியிருக்கிறது, விசாரித்துக்கொண்டிருக்கிறார். வட்டத்தில் இன்னும் அதே சாம்பல் துண்டுதான்.

டிஸ்கி: நான் ஆடிட்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. அமெரிக்காவைத் தவிர மற்ற நாடுகளில் இருக்கிறவர்களுக்கு வரி விதி வேறு. உங்கள் ஊர் ஆடிட்டரிடம் போங்கள். போகும்போது மட்டும் தொகையோடு போகாமல் சதவீதத்தோடு போங்கள்.